ஹைலைட்டரை முதலில் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்

நுண்வாசிப்பு, அதாவது ஒரு சிறு பகுதியைச் சொல் சொல்லாக ஊன்றிப் படிப்பது, என்றதும் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் பக்கத்தை மஞ்சளாக்கிவிடுகிறார்கள். ஏன் இந்த வரி என்று கேட்டால், "முக்கியம் சார்." எதற்கு முக்கியம்? பதில் வராது. ஜான் டன்லாஸ்கியும் சக உளவியலாளர்களும் 2013இல் பத்துக் கற்றல் உத்திகளை எடைபோட்டபோது, அடிக்கோடு போடுவதைப் பயன் குறைந்தவற்றில்தான் சேர்த்தார்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை. கோடு போட எதையும் யோசிக்க வேண்டியதில்லையே.

என் கட்சி இதுதான்: கோடு போட்டால் ஓரத்தில் நாலு சொல்லாவது எழுத வேண்டும். எழுத ஒன்றும் இல்லையா, கோட்டை அழித்துவிடு. அதனால்தான் பேனா வேண்டாம், பென்சில்.

பாதி வகுப்புகள் சொதப்புவது தாளிலேயே. பாடநூலின் அரை அங்குல ஓரத்தில் யாரால் எழுத முடியும்? 150, 200 சொல்லில் ஒரு பகுதியை எடுத்து, வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி விட்டு, வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக வைத்து அச்சிடுங்கள். ஐந்து வரிக்கு ஒருமுறை எண் போட்டுவிட்டால், "எந்த வரி, எந்த வரி" என்று தேடும் நேரம் மிச்சம்.

முதல் வாசிப்பில் கையில் ஒன்றும் இருக்கக்கூடாது. இரண்டாவதில் மூன்றே குறிகள்: புரியாத இடத்தில் கேள்விக்குறி, திரும்ப வரும் சொல்லுக்கு வட்டம், போக்கு மாறும் இடத்தில் அம்பு. பத்துக் குறி கொண்ட அட்டவணையைக் கொடுத்தால் பிள்ளை அட்டவணையைத்தான் வாசிக்கும். ஓரக்குறிப்பு மூன்றாம் வாசிப்பில்.

"மழை விட்டும் அவன் குடையை மடக்கவில்லை." இந்த வரியருகே 'மழை, குடை' என்றோ 'அருமை' என்றோ எழுதினால் அது குறிப்பே அல்ல. 'விட்டும்' என்பதிலுள்ள உம்மைக்கு வட்டம் போட்டு, "அப்படியானால் குடை மழைக்காக இல்லையா? யாரிடமிருந்து ஒளிகிறான்?" என்று எழுதினால் பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தமிழில் விஷயம் பெரும்பாலும் இந்த உம், ஏ, ஓ, தான், ஆவது போன்ற ஒட்டுகளில்தான் ஒளிந்திருக்கும். 'அவன் வந்தான்', 'அவனாவது வந்தானே' இரண்டும் ஒன்றா? பழைய உரையாசிரியர்கள் உம்மைக்கும் ஏகாரத்துக்கும் நின்று பொருள் சொன்னது சும்மா இல்லை.

முதல் ஐந்து வரியை ஆசிரியரே பலகையில், வாய்விட்டு யோசித்தபடி குறித்துக் காட்ட வேண்டும். தப்பாக ஒன்றை எழுதி, அடுத்த வரி வந்ததும் அழிப்பதையும் காட்டுங்கள். முன்கூட்டியே தயாரித்த அழகான பிரதியைக் காட்டினால் அப்படியே காப்பியடிப்பார்கள், வேறென்ன.

அருஞ்சொற்பொருள் எழுதுவது தனி வேலை. தேவைதான், ஆனால் இதோடு குழப்ப வேண்டாம்.

மதிப்பெண் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே. 'குறைந்தது பத்துக் குறிப்பு' என்று விதித்தால் ஏழு வெற்றுக் குறிப்பு நிச்சயம். எண்ணாதீர்கள். தன் குறிப்புகளில் ஒன்றைத் தேர்ந்து, அதிலிருந்து நாலு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அந்த நாலு வாக்கியத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள்.

அப்புறம், முழுக் கதைக்கும் இதைச் செய்ய வைக்காதீர்கள். ஒரு கதைக்கு ஒரு பத்தி, மிஞ்சினால் இரண்டு. மீதியைப் பென்சில் இல்லாமல் நிம்மதியாகப் படிக்கட்டும்.