வரிக்கு மட்டும் பைசா கணக்கு, ரோட்டுக்கு ஒரு கணக்கும் இல்லை

சொத்து வரியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிப் பாருங்கள். மாதத்துக்கு 1 சதவீதம் என்று வட்டி, பைசா பிசகாமல் ஏறி நிற்கும். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டாது. நம்மிடம் இத்தனை நறுக்காகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களிடம், போன மாதம் எங்கள் தெருவில் போட்ட ரோடு எத்தனை அங்குலக் கனம் என்று கேட்டால் மட்டும் வாய் திறப்பதில்லை.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பழைய வட ஆற்காட்டில் ஒரு நகராட்சி. பெயரைச் சொன்னால் இப்போது வருகிற தண்ணீரும் நின்றுவிடும்.

எங்கள் தெருவில் வீடு கட்டியபோது வாசலுக்கு மூன்று படி இருந்தது. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரை ஊற்றி ஊற்றி, இன்று ரோடு மேலே, வீடு கீழே. எதிர்வீட்டுப் பாட்டி வாசல் நிலைக்குக் குறுக்கே செங்கல் வைத்து முழங்கால் உயரத்துக்கு ஒரு கரை கட்டியிருக்கிறார். ஐப்பசி மழை உள்ளே வராமல் இருக்க அது. இப்போது அவரே வெளியே வர முடிவதில்லை; ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காலைத் தூக்கிக் கரைக்கு அந்தப் பக்கம் வைக்கிறார். சிலிண்டர் போடுகிற பையன் அதைத் தாண்டும்போதெல்லாம் அவர், "பார்த்துப்பா, பார்த்துப்பா" என்று பதறுகிறார். வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக்கொள்கிறார்கள். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். அந்தக் காகிதம் கோட்டையிலிருந்து புறப்பட்டு எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சரி, மேலேயாவது உருப்படியாகப் போட்டார்களா? தார் வாசனை போவதற்குள் குழாய் பதிக்க இன்னொரு கூட்டம் வந்து நடுத்தெருவை வகிடு எடுத்தது போலப் பிளந்துவிட்டுப் போனது. மேலே மண்ணைத் தள்ளி மூடியதோடு சரி. நான் குடிநீர் இணைப்புக்காக என் வாசலில் ஒரு முழம் தோண்ட வேண்டுமானால் ரோட்டைச் சீரமைக்க என்று முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். அவர்கள் தெருவையே தோண்டினால் யார் யாருக்குக் கட்டுவது?

வேலையைப் பார்வையிட வந்த பொறியாளரிடம் கேட்டேன்.

"சார், இது எத்தனை மில்லிமீட்டர் போட வேண்டியது?"

"எல்லாம் எம்-புக்கில் இருக்கிறது சார்."

"அதைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"அது ஆபீஸ் ரெக்கார்டு. வெளியாட்களுக்குக் காட்ட முடியாது."

வெளியாள்! வரி ரசீதில் என் பெயர் இருக்கிறது, கதவு எண் இருக்கிறது, பாக்கி இருந்தால் சிவப்பில் அதுவும் இருக்கும். எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தைப் பார்க்கும்போது மட்டும் நான் வெளியாள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை அவர் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். காகித நகல் கேட்பது மட்டுமல்ல அந்த உரிமை. நடக்கிற வேலையை நேரில் ஆய்வு செய்யலாம், போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் கேட்டு வாங்கலாம். தாரும் ஜல்லியும் பொருள்தானே?

2022இல் வேலூரில் நடந்தது நினைவிருக்கிறதா? ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்ட் ரோடு போட்டு, ஓரமாக நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரங்களையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் சத்துவாச்சாரியில் கால்வாய் கட்டும்போது அடிபம்பையும் கான்கிரீட்டுக்குள் வைத்துக் கட்டினார்கள். நாடே படத்தைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி கண்ணுக்குத் தெரிந்ததால் அது செய்தி ஆயிற்று. மூன்று அங்குலம் போட வேண்டிய இடத்தில் ஒன்றரை அங்குலம் போட்டால் யார் படம் எடுப்பது?

வரியே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். 2022 ஏப்ரலில் ஏற்றினார்கள்: 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பல ஆண்டுகளாக ஏற்றவில்லை என்றார்கள், நியாயம்தான். 15ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டிருக்கிறது, ஏற்றாவிட்டால் மத்திய மானியம் வராது என்றார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அதே நிதிக்குழு அதே மானியத்துக்கு இன்னொரு நிபந்தனையும் போட்டது: உள்ளாட்சியின் தணிக்கை செய்த கணக்கை மக்கள் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும். முதல் நிபந்தனையைச் சுவர் சுவராக ஒட்டி, ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். இரண்டாவதை யாராவது உங்கள் காதில் போட்டார்களா?

தேடிப் போய்ப் பார்த்தாலும் அதில் என்ன இருக்கிறது? சாலைகளுக்கு இவ்வளவு கோடி என்று ஒரே வரி. எந்தத் தெரு, எந்த ஒப்பந்ததாரர், எவ்வளவு நீளம், யார் அளந்து கையெழுத்துப் போட்டார், ஒன்றும் கிடையாது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று செலவழித்துவிட்டு மொத்தத் தொகையை மட்டும் எழுதி வைத்தால் அதற்குப் பெயர் கணக்கா?

பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் மைத்துனர் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபையில் உட்கார்ந்து வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். அவரைவிடக் கூடுதலாக வரி கட்டுகிற எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. நகரத்துக்கும் பகுதி சபை, வார்டு குழு என்று 2022இல் விதிகள் வந்தன. எங்கள் பகுதி சபை எங்கே, எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேட்டேன். "சொல்லி அனுப்புகிறேன் அண்ணே" என்றார். இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர்களை வைத்து ஓட்டினார்கள். அப்போது யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. இப்போது ஆள் இருக்கிறார், தெருமுனைக் கல்வெட்டில் பெயரும் இருக்கிறது. ரோடு பெயர்ந்துவிட்டது, கல்வெட்டு மட்டும் பளபளவென்று நிற்கிறது.

மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வைத்துவிட்டேன். எங்கள் தெருவின் எம்-புக் பக்கங்கள், ஒப்பந்தத் தொகை, பில்லில் கையெழுத்திட்டவரின் பதவி, கூடவே ரோட்டின் மாதிரி ஒரு துண்டு. முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. நேற்று தெருமுனையில் ஒரு லாரி ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எதற்கு என்று பொறியாளருக்கும் தெரியவில்லை, கவுன்சிலருக்கும் தெரியவில்லை. மனுவில் அதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிட்டேன்.