இடித்தவர்களிடம் முகவரி இருந்தது, வாழ்ந்தவர்களிடம் பெயர் இருந்தது

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய குடியிருப்புகளைப் பற்றி வரும் புகைப்படத் தொகுப்புகளில் முக்கால்வாசி எனக்குப் பிடிப்பதில்லை. காரை பெயர்ந்த சுவர், பலகை அடித்த ஜன்னல், சாயங்கால வெயில், ஆள் நடமாட்டமே இல்லாத தெரு. அழகாகத்தான் இருக்கும். எந்தத் தெரு, கதவு எண் என்ன, அந்தக் கடையை யார் நடத்தினார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. சுவரில் மாட்டுகிற படத்தை எடுத்துவிட்டு ஆவணம் என்று பெயர் வைக்கிறார்கள்.

பிட்ஸ்பர்க் நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் பிறந்த பகுதி. வைலி அவென்யூவில் ஜாஸ் கிளப், சலூன், தேவாலயம், சாப்பாட்டுக்கடை எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. 1956ல் நகர நிர்வாகம் அதன் கீழ்ப்பகுதியை இடிக்கத் தொடங்கியது. 95 ஏக்கர், சுமார் 1,300 கட்டடங்கள், ஏறக்குறைய 8,000 பேர். அங்கே 1961ல் சிவிக் அரீனா என்ற விளையாட்டரங்கம் வந்தது. 2012ல் அதையும் இடித்து முடித்துவிட்டார்கள்.

அந்த வாழ்க்கை இன்னும் நம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் பெரிய காரணம் சார்லஸ் ‘டீனி’ ஹாரிஸ் (1908–1998). ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பினப் பத்திரிகைக்குப் படம் எடுத்தவர். கையில் ஸ்பீட் கிராஃபிக் கேமரா. ஒரு ஹோல்டரில் 4×5 அங்குல ஃபிலிம் இரண்டே தாள். ஒரு படம் எடுத்ததும் மறைப்புத் தகட்டைச் செருகி, ஹோல்டரைத் திருப்பிப் போட்டு, தகட்டை உருவி, ஷட்டரை மறுபடி ஏற்றி, சூடு ஆறாத ஃபிளாஷ் பல்பைக் கழற்றிப் புதுசு மாட்ட வேண்டும். பல்பும் காசு, ஃபிலிமும் காசு. ஹாரிஸ் பெரும்பாலும் ஒரே கிளிக்கோடு கிளம்பிவிடுவார். மேயர் டேவிட் லாரன்ஸ் அவருக்கு ‘ஒன் ஷாட்’ என்று பட்டமே வைத்தார்.

அவர் விட்டுப்போன நெகடிவ்கள் கிட்டத்தட்ட 80,000. 2001ல் கார்னெகி கலை அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது. கல்யாணம், பேஸ்பால், பள்ளி ஊர்வலம், பார் கவுண்டர், தேர்தல் கூட்டம் என்று ஒரு ஊரே அதில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் பெயரும் கிடையாது, தேதியும் கிடையாது. அந்தத் தெருவில் எல்லாரையும் தெரிந்த மனிதர் எதற்கு எழுதி வைப்பார்?

டெட்ராய்ட்டில் கதை தலைகீழ். பிளாக் பாட்டம் என்ற கறுப்பினப் பகுதியை இடிப்பதற்காக நிலத்தைக் கையகப்படுத்தியபோது, 1949-50ல் நகர நிர்வாகமே மனை மனையாகப் படம் எடுத்து வைத்தது. இழப்பீட்டுக் கணக்குக்காக எடுத்த படங்கள். பாசத்துக்கு அங்கே வேலை இல்லை. வாசலில் நிற்கும் ஆட்கள் சில படங்களில் தற்செயலாக விழுந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் வரிசை தப்பாமல் எடுத்திருந்ததால், பல பத்தாண்டுகள் கழித்து ஒரு கட்டடக் கலைஞர் அவற்றை ஒட்டவைத்துத் தெருக்களையே நீளவாக்கில் மீட்டுக் காட்ட முடிந்தது. நியூயார்க் இன்னும் கறார். 1939-41ல் சொத்து வரிக்காக நகரின் ஐந்து போரோக்களிலும் (நிர்வாகப் பிரிவுகள்) கட்டடம் விடாமல் எடுத்தார்கள். பிளாக் எண்ணும் மனை எண்ணும் எழுதிய பலகை படத்துக்குள்ளேயே நிற்கும். கறுப்பினப் பகுதியான ஹார்லெமும் அதில் அடக்கம்.

என் கட்சி இதுதான்: வரி அலுவலரின் கறாரும் பக்கத்து வீட்டுக்காரரின் நெருக்கமும் ஒரே தொகுப்பில் சேராதவரை அது அரைகுறை ஆவணம்.

முதலில் கறார் பகுதி. ஒரு தெருவை ஒரு முனையில் தொடங்கி, ஒற்றைப்படை எண் பக்கம் முழுக்க முடித்துவிட்டுத்தான் இரட்டைப்படைக்கு வர வேண்டும். ஃபுல்-ஃப்ரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 35 மி.மீ. லென்ஸ் போதும், ஹாரிஸ் மாதிரியானவர்கள் 4×5ல் போட்ட 127 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணத்துக்கு அது கிட்டத்தட்டச் சமம். கேமராவை அண்ணாத்திப் பிடித்தால் கட்டடம் பின்னால் சாயும். மட்டமாக வைத்து, நெட்டுக்குத்தாக எடுத்து, கீழே வரும் தார்ச்சாலையை வெட்டிக்கொள்ளலாம். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், இல்லையென்றால் பின்னால் ஒட்ட முடியாது. காலி மனையையும் அதே அகலத்தில் எடுக்க வேண்டும். நிறையப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இடித்த கதை அந்தக் காலி மனையில்தான் இருக்கிறது.

வெயிலையும் கணக்குப் பண்ண வேண்டும். கிழக்கு-மேற்காக ஓடும் தெருவின் தென்பக்க வீடுகள் வடக்கு பார்த்தவை. இந்த நகரங்களில் குளிர்காலம் முழுக்க அவற்றின் முகப்பில் வெயிலே விழாது. மேகம் மூடிய நாள் பார்த்து இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுவது உத்தமம். இலை உதிர்ந்த ஜனவரி-மார்ச் மாதங்களில் மரம் மறைக்காது. பெரிய தலைவலி நிறுத்தி வைத்த கார்கள். ஞாயிறு காலை தெரு காலியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் தேவாலயத்தை மறந்துவிடுகிறார்கள்! தெரு பெருக்கும் நாள் என்று நகராட்சி பலகை வைத்திருக்கும் இடத்தில், அந்த நேரத்துக்கு ஒரு பக்கம் கார் நிறுத்தத் தடை. அதுதான் சரியான வேளை.

ஆட்களைப் படம் எடுக்கும்போது பலர் கோட்டை விடுவது தோல் நிறத்தில். வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். கருத்த முகம், வெள்ளைச் சட்டை, பின்னால் வெளிறிய சுவர் என்றால் மீட்டர் சட்டைக்கும் சுவருக்கும் பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கரிக்கட்டையாகிவிடும். ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் கன்னத்தை அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தில் பாதி) மட்டும் குறைத்தால் முகம் முகமாக வரும். சட்டை கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். கருத்த தோலில் வடிவத்தைக் காட்டுவது பளபளப்பு. பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம் கன்னத்து எலும்பையும் நெற்றியையும் தொட்டாலே போதும்; நேருக்கு நேர் அடிக்கும் சின்ன ஃபிளாஷ் நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்துவிட்டு மீதியைத் தட்டையாக்கிவிடும். பழைய நெகடிவை ஸ்கேன் செய்யும்போதும் இதே வம்பு. வெளிச்சத்தைத் தானாகத் திருத்தும் ஆட்டோ லெவல்ஸ் ஓடினால் நெகடிவில் இருக்கும் முக விவரமெல்லாம் கறுப்புக்குள் போய்விடும். முதல் வேலையாக அதை அணைக்க வேண்டும்.

ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக. 4×5 நெகடிவை அங்குலத்துக்கு 2,000 பிக்சலில், 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்தால் ஒன்று 160 எம்பி. 80,000 நெகடிவுக்கு ஒரு பிரதிக்கே 12.8 டெராபைட், குறைந்தது மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். அசிடேட் நெகடிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது, அதைத் தனியே பிரித்துக் குளிர் அறைக்கு அனுப்பி, ஸ்கேன் வரிசையில் முன்னே கொண்டுவர வேண்டும். தாள் ஃபிலிமை நெட்டாகப் பிடித்து, ஓரத்து வெட்டு வலது மேல் மூலையில் வந்தால் ரசாயனப் பூச்சு நம்மைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். இதைக் கவனிக்காமல் இடவலம் மாறிய படங்கள் ஏராளம். கடைப்பலகை இல்லாத படத்தில் ஆண்களின் சட்டையைப் பார்க்கலாம்: போட்டிருப்பவரின் இடது பக்கத் துணி மேலே இருக்க வேண்டும்.

தேதி கண்டுபிடிக்கத் தியேட்டர் முகப்பைப் போல உதவுவது வேறில்லை. அதில் ஓடும் சினிமாவின் பெயரை அந்தக் காலச் செய்தித்தாள் விளம்பரத்தோடு பொருத்தினால் எந்த வாரம் என்றே சொல்லிவிடலாம். கார் மாடலை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். 1948 மாடல் கார் நின்றால் படம் அந்த மாடல் வெளிவருவதற்கு முன்னால் எடுத்ததல்ல என்று மட்டும்தான் சொல்ல முடியும். இடத்தை உறுதி செய்ய சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் இருக்கின்றன: செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரவீடு மஞ்சள், மாடி எண்ணிக்கை வரை குறித்திருப்பார்கள். அதோடு நகர விலாசப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் கடைக்காரர் பெயர் விழுந்துவிடும்.

முகங்களின் பெயருக்கு எந்த வரைபடமும் உதவாது. ஹாரிஸ் படங்களுக்கு அருங்காட்சியகம் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் கேட்டது. இந்த வேலையில் கம்ப்யூட்டர் திரையைவிட 8×10 பிரிண்ட் மேல். கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்ப்பார்கள். மேலே டிரேசிங் தாள் வைத்து ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டுவிட வேண்டும். “இவர் இன்னார்தானே?” என்று கேட்டால் மரியாதைக்காகவே ஆமாம் போடுவார்கள். “இதில் யாரையெல்லாம் தெரியுது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சொன்ன பெயர், சொன்னவர், சொன்ன நாள் மூன்றும் மூன்று தனிக் கட்டங்கள். இன்னொருவர் வேறு பெயர் சொன்னால் முதல் பெயரை அழிக்கக் கூடாது, கீழே சேர்க்க வேண்டும். அக்காலப் பத்திரிகைகளில் கல்யாணமான பெண்கள் பெரும்பாலும் கணவர் பெயரோடு ‘மிசஸ்’ என்றே அச்சாகியிருப்பார்கள். அவர்களின் சொந்தப் பெயரைக் கேட்டு வாங்கக் கட்டாயம் ஒரு கட்டம் வேண்டும். பட்டப்பெயரையும் விடக் கூடாது, தெருவில் புழங்கியது அதுதான். முடிந்ததும் அத்தனையையும் படக் கோப்புக்குள்ளேயே ஐபிடிசி குறிப்பாக (படத்தோடு சேர்ந்தே போகும் எழுத்துக் குறிப்பு) ஏற்றிவிட வேண்டும். தனி எக்செல்லில் மட்டும் இருந்தால் என்றாவது ஒருநாள் படம் ஒரு பக்கமும் பெயர் ஒரு பக்கமும் போய்விடும்.

உரிமைப் பேச்சை எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ஹாரிஸே தன் முதுமையில் நெகடிவ்களை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்பப் பெற வழக்குக்குப் போக நேர்ந்தது. அவர் இறந்த பிறகுதான் அவை குடும்பத்துக்குத் திரும்பின. இன்று எடுப்பவர்கள் முதல் கிளிக்குக்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் போடலாம்: படம் எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், விற்றால் பணம் யாருக்கு, வேண்டாம் என்றால் எப்படி எடுப்பது. ஒரு பிரதி எடுத்தவரிடம், ஒரு பிரதி எடுக்கப்பட்டவரிடம். கூடவே அந்த வீட்டுக்கு ஒரு பிரிண்ட், பின்பக்கம் தேதியும் முகவரியும் பெயர்களும் மெல்லிய பென்சிலில். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.