டேப்லெட்டிலும் லேன் வயர் மாட்டலாம்

"டேப்லெட்டில் லேன் வயர் மாட்டவே முடியாது, வைஃபை எட்டாத கட்டிங் செக்‌ஷனுக்கு லேப்டாப்தான் வாங்கணும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. இதை நம்பித் திருப்பூரில் சின்ன யூனிட் வைத்திருப்பவர் யாரும் வீண் செலவு செய்துவிடக் கூடாது.

யூஎஸ்பி-சி உள்ள ஐபேடிலும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஈதர்நெட் அடாப்டரை (லேன் வயரை யூஎஸ்பி-சி போர்ட்டில் இணைக்கும் சின்னக் கருவி) செருகினால் போதும். ஐபேடில் செட்டிங்ஸுக்குள் 'ஈதர்நெட்' என்று புதிதாக ஒரு வரி வரும். நாள் முழுக்க ஓடணும் என்றால் சார்ஜரும் செருகும்படியான அடாப்டராக வாங்குங்கள், இருப்பது ஒரே போர்ட்தானே.

வயர் மாட்டியதும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் பகிர்ந்து வைத்திருக்கும் ஷேர் ஃபோல்டர் தானாக வந்து நிற்காது. பலர் குழம்புவது இங்கேதான். ஐபேடில், 2019-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், ஃபைல்ஸ் ஆப்பிலேயே 'கனெக்ட் டு சர்வர்' இருக்கிறது. அதில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதற்குள்ள எண்), பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்தால் மார்க்கர் (துணி வெட்டும் வரைபடம்) பிடிஎஃப், அளவு சார்ட் எல்லாம் திறக்கும். விண்டோஸ் திறக்கப் போடும் நாலு இலக்கப் பின் நம்பர் இங்கே செல்லாது, கணக்கின் பாஸ்வேர்டுதான் வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால் எஸ்எம்பி (விண்டோஸ் ஷேர் ஃபோல்டரை நெட்வொர்க்கில் திறக்கும் முறை) வசதி உள்ள ஃபைல் மேனேஜர் ஆப் போடுங்கள். அப்புறம், அந்த முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ யாராவது ஆன் செய்யச் சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள். 2017-ல் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான்.