புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அலமாரி பேசிவிடுகிறது

நூலகத்தில் ஒரு புத்தகத்தை உருவுவதற்கு முன்பே அது எந்தப் புத்தகங்களுக்கு நடுவில் நிற்கிறது என்பதைக் கண் பார்த்துவிடுகிறது. அந்த அக்கம்பக்கமே அதைப் பற்றிய முதல் தீர்ப்பு. நூலின் பொருளைக் குறித்து அதன் முதுகில் ஒட்டும் பகுப்பு எண் வெறும் முகவரி என்று பலர் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உளவியலில் இதற்கு 'ப்ரைமிங்' என்று பெயர்: முன்னால் வந்தது, பின்னால் வருவதற்கு மனத்தைத் தயார்படுத்திவிடும். 1971இல் மேயரும் ஷ்வானெவெல்ட்டும் நடத்திய சோதனையில், 'பட்டர்' என்ற சொல் 'நர்ஸ்' உடன் வந்ததைவிட 'பிரெட்' உடன் வந்தபோது சட்டென்று பிடிபட்டது. பிறகு இதன் பெயரால் பெரிய கதைகளும் கிளம்பின. முதுமை தொடர்பான சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்ற 1996ஆம் ஆண்டு ஆய்வு, 2012இல் திரும்பச் செய்து பார்த்தபோது தேறவில்லை. அலமாரி நம் நடத்தையையே மாற்றிவிடும் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருப்பது பொருளுக்குச் சாயம் ஏற்றுகிறது, அவ்வளவுதான். அதுவே போதிய தீங்கு செய்யும்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க நூலகங்கள் பின்பற்றும் முறைகளில் ஒன்றான டூயி தசமப் பகுப்பின் 1932ஆம் ஆண்டுப் பதிப்பில் தன்பாலீர்ப்பு பற்றிய நூல்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் ஒன்று 132, அதாவது மனப்பிறழ்வு. தன்னைப் பற்றி அறிந்துகொள்ளத் தயங்கித் தயங்கி அந்த அடுக்குக்கு வந்து நின்ற ஓர் இளைஞனை நினைத்தால் மனம் கனக்கிறது. அவன் ஒரு வரி படிப்பதற்குள் 'நீ நோயாளி' என்று சொல்லியாகிவிட்டது.

மதங்களுக்கான 200இல் 220 முதல் 280 வரை விவிலியமும் கிறித்தவமும். மற்ற மதங்கள் எல்லாம் 290க்குள் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும். ஆங்கில இலக்கியம் 820. தமிழ் இலக்கியமோ, மிச்சமுள்ள மொழிகளுக்கான 890இல் 894.811.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு என்ற வேறொரு அடுக்கு முறையை வெளியிட்டவர், வாசகரின் கண் அடுக்கில் எப்படி நகரும் என்று யோசித்தார். தேடி வந்த பொருள் நடுவில், அதன் இருபுறமும் ஓரளவு உறவுள்ளவை, அவற்றுக்கும் அப்பால் அந்நியமானவை. கிரகணத்தின் கருநிழல், அரைநிழல் என்ற பெயர்களையே இதற்கு எடுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தை வாசகருக்காகத் திட்டமிட்ட மனிதர் அவர்!

டூயி முறையிலேயே உள்ளூர் மொழியின் இலக்கியத்துக்கு முன்னிடம் தர விருப்பத் தெரிவு உண்டு. பழைய நூல்களின் முதுகுச் சீட்டுகளை மாற்றி ஒட்டுவது பெரிய வேலை, ஒப்புக்கொள்கிறேன். டூயியைப் பின்பற்றப்போகும் புதிய நூலகங்களாவது, முதல் சீட்டை ஒட்டும்முன் அந்தத் தெரிவை எடுத்துக்கொள்ளட்டும்.