முதலில் ஸ்குரூ டிரைவர், அப்புறம் பேஸ் கிட்டார்

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவன் போன மாதம் உள்பெட்டிக்கு வந்தான். மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டாருக்கு, அதாவது அடிச்சுருதி வாசிக்கிற தடித்த கம்பிக் கிட்டாருக்கு, ஆள் இல்லையாம், இவன் கற்றுக்கொள்ளப் போகிறானாம். "அண்ணே, நாப்பதாயிரம் சேத்து வச்சிருக்கேன், இதுல எத வாங்கலாம்?" என்று நாலு படம் அனுப்பியிருந்தான். நாலும் பளபளவென்று இருந்தன. நாலுமே வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டான் போல, இரண்டு நாள் பதிலே இல்லை. ஏன் வேண்டாம் என்பது உள்பெட்டியில் தட்டித் தீருகிற விஷயமில்லை, அதனால் இங்கே.

நம் கரையில் பேஸ் கிட்டார் வைத்திருப்பது வள்ளம் வைத்திருப்பது மாதிரி. வாங்குகிற காசு ஒரு பொருட்டே இல்லை, பராமரிப்புதான் ஆளைத் தின்னும். வீட்டுக்குள் கொண்டுவந்த அன்றே உப்புக்காற்று வேலையை ஆரம்பித்துவிடும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தோடு ஒரு நூற்றாண்டு மல்லுக்கட்டிய காற்று இது, நம் கிட்டாரில் கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜும் திருகுகளும் அதற்கு வெறும் பொரி கடலை. கழற்றிப் பார்க்கத் தெரியாதவன் கையில் நாற்பதாயிரம் ரூபாய்க் கிட்டார் இரண்டு வருடம் தாங்காது. தெரிந்தவன் கையில் ஏழாயிரம் ரூபாய்ப் பழைய கிட்டார் இருபது வருடம் ஓடும். இதுதான் என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டு வரவும்.

நான் வாசிக்க ஆரம்பித்தது ஊர்த் திருவிழா மெல்லிசைக் குழுவில். மேடைக்கு இரண்டு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற காலம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைத் திறந்து அடித்தால் விநாடிக்கு 41 அதிர்வு. குழாய் ஸ்பீக்கருக்கு அந்தச் சங்கதியே தெரியாது. கச்சேரி முடிந்து இறங்கினால், "நீ என்ன மாப்ள வாசிச்ச, சும்மா நின்ன மாதிரியில்ல இருந்துச்சு" என்பார்கள். ஒரு வருடம் பெரிய பெட்டி ஸ்பீக்கர் வந்தது. முதல் பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு அப்பத்தா எழுந்து வந்து, "ஏப்பா, அந்தக் கடைசிப் பய வாசிக்கிறது நெஞ்சுல இடிக்குது, அதக் கொறைக்கச் சொல்லு" என்றார். எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

என் முதல் கிட்டார், கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து வாங்கியது. ஆறே மாதத்தில் சத்தக் குமிழைத் திருகினால் கரகர, முறுக்காணி இரண்டு அசையவே இல்லை. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய் நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்தேன். இரண்டு மாதம் வைத்திருந்து, கிட்டார் விலையில் பாதிக்குப் பில் போட்டுத் திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து குமிழைத் திருகினேன். அதே கரகர. அன்று ராத்திரி ஆத்திரத்தில் பின்மூடியைக் கழற்றினேன்.

உள்ளே இரண்டு காயில், மூன்று குமிழ், ஒரு குட்டிக் கெபாசிட்டர், வயர் செருகும் ஜாக். அவ்வளவுதான். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில்கூட இதைவிட அதிக சாமான் இருக்கும். மறுநாள் பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் குமிழுக்குள் ஸ்பிரே ஒன்றைப் பீய்ச்சி, பத்துத் தடவை முன்னும் பின்னும் திருகினார். கரகர போய்விட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று பின்னால் தெரிந்தது. இந்த வாத்தியத்தை உலகத்துக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்திய லியோ ஃபெண்டரே ஒரு ரேடியோ மெக்கானிக்தான். அமெரிக்காவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1951-ல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டவில்லை. நாலு திருகு போட்டு முடுக்கினார். கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். ஆக, பிறக்கும்போதே கழற்றுவதற்கென்று பிறந்த சாமான் இது. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துத் தொடாதே என்பவர்களை என்னவென்று சொல்வது?

சரி, காயிலுக்கு வருவோம். சின்ன வயதில் நானும் அண்ணனும் ஒரு பலகையில் ஆணி அடித்து, தங்கூஸ் என்கிற தூண்டில் நைலானைக் கட்டி, கிட்டார் என்று மீட்டியிருக்கிறோம். காதை வைத்தால் கேட்கும். பெரியவனான பிறகு அதே தங்கூஸை நிஜக் கிட்டாரில் கட்டிப் பார்த்தேன். கம்பியாவது துருப்பிடிக்கும், நைலானுக்கு ஏது துரு என்ற மூளை! ஆம்ப்ளிஃபயரில் ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. கம்பிக்குக் கீழே பதித்திருக்கிற அந்தக் காயில் பெட்டிக்குப் பிக்கப் என்று பெயர். அதற்குள் இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய தாமிரக் கம்பியும். மேலே இரும்புக் கம்பி ஆடினால்தான் காந்தப்புலம் கலைந்து காயிலில் மின்சாரம் பிறக்கும். நைலான் எவ்வளவு ஆடினாலும் காந்தத்துக்கு அது இல்லாத பொருள்தான்.

நானே ஒரு பிக்கப் சுற்றிப் பார்க்கலாம் என்று மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் போனேன். அவர் ஃபேனுக்குச் சுற்றுகிற கம்பியே இதற்குத் தடிமன். வேண்டியது தலைமுடி மாதிரி, 0.06 மில்லிமீட்டர் சுமார். அவரே எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தார். ஒன்பதாயிரம் சுற்று. எண்ணுவது யார்? கால்குலேட்டரின் சமக்குறி பட்டனிலிருந்து இரண்டு வயர் இழுத்து, காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்கிற சின்ன ரீட் சுவிட்ச் ஒன்றில் கொடுத்தேன். சுற்றுகிற சக்கரத்தில் ஒரு காந்தம். 1 கூட்டல் 1 போட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் கால்குலேட்டர் தானாக 2, 3, 4 என்று ஏறிக்கொண்டே போகும். 6,200-ல் கம்பி அறுந்தது. இரண்டாம் தடவை 8,000 தாண்டி அறுந்தது. மூன்றாவது இன்றும் வேலை செய்கிறது.

இனி நான் மிகவும் அவமானப்பட்ட கதை. ஒரு கட்டத்தில் முழுக் கிட்டாரையும் நானே செய்வேன் என்று கிளம்பினேன். இணையத்தில் போய்ப் பார்த்தால் மேப்பிள், மகோகனி, எபோனி என்கிறார்கள். நான் எங்கே போக? படகு கட்டுகிற ஓடாவி மாமாவின் கொட்டகையில் பூவரசம் பலகை ஒன்று கிடந்தது, உடம்புக்கு அது. கழுத்துக்குத் தேக்கு. விரல் பலகைக்குக் கெட்டியான மரம் வேண்டும். நம் மாவட்டத்தில் கெட்டியான மரத்துக்கா பஞ்சம்? வாயைத் திறந்தால் எல்லோரும் திட்டுகிற சீமைக்கருவேலம்! கரிமூட்டம் போடுகிற இடத்துக்குப் போனேன். வளையாத துண்டு 65 சென்டிமீட்டர் வேண்டும் என்றதும் சிரித்தார்கள். அந்த மரத்தில் முழங்கை நீளத்துக்கு மேல் நேராக எதுவும் வளர்வதில்லை. அரை நாள் விறகுக் குவியலைப் புரட்டி, தொடை பருமனில் ஒரு முதிர்ந்த துண்டைக் கண்டுபிடித்து, எடை போட்டு வாங்கினேன். இரண்டு முனையிலும் மெழுகு பூசி ஒரு வருடம் கட்டிலுக்கடியில் காயவைத்தேன். அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் அப்படி ஒரு அழகு. காய்ந்த பிறகு முறுக்கிக்கொள்ளவே இல்லை. இதன் உறவுக்கார மரமான மெஸ்கிட்டில் டெக்சாஸ் பக்கம் கிட்டாரே செய்கிறார்கள். நாம் மூட்டம் போட்டுக் கரியாக்குகிறோம்.

ஓடாவி மாமாவுக்குத்தான் கோபம். விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாளும் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அது முடியட்டும் என்று காத்திருந்து கொண்டுபோனேன். கழுத்தைப் பார்த்து, "என்ன மாப்ள, துடுப்பா?" என்றார். கருவேலத்தில் இழைப்புளி வைத்த பிறகு சிரிப்பு போய்விட்டது. "உளி வாய் மடங்கிப்போச்சு, இனிமே இந்தச் சனியன எங்கிட்ட கொண்டாராத."

விரல் பலகையில் குறுக்கே பதிக்கிற உலோகக் கீற்றுதான் ஃப்ரெட். அதற்குப் பள்ளம் வெட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. கம்பியின் நீளம் 864 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட், 48.5-ல் வரும். மிச்சத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது. பன்னிரண்டாவது சரியாகப் பாதியில் வந்து நிற்கும். கணக்கை நாலு தடவை சரிபார்த்தேன். கோட்டில் பிசகில்லை. ஆனால் அறுத்தது சாதாரண இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடால். அது போட்ட பள்ளம் ஒரு மில்லிமீட்டர் அகலம். ஃப்ரெட்டின் அடிக்கால் அதில் பாதிதான். இருபது ஃப்ரெட்டும் பள்ளத்தில் விழுந்து பல் ஆடுவது போல ஆடின. ஒரு வருடம் காய்ந்த மரம்!

நாலு நாள் அதன் பக்கமே போகவில்லை. அப்புறம்தான் ஜாக்கோ பாஸ்டோரியஸ் நினைவுக்கு வந்தார். 1987-ல் 35 வயதில் செத்துப்போன அமெரிக்க பேஸ் மேதை. தன் ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ஃப்ரெட் இல்லாத பலகையில், பள்ளங்களை அடைத்து, மேலே படகுக்குப் பூசுகிற எபாக்ஸிப் பிசினைப் பூசி வாசித்தவர். படகுக்குப் பூசுவது! அதைப் படித்தபோது மண்டபம் இறங்குதளத்தில் நின்றுகொண்டு ராமேஸ்வரம் எங்கே என்று வழி கேட்டவன் மாதிரி ஆகிவிட்டேன்.

பள்ளத்தை அடைக்கக் காலாவதியான ஏடிஎம் கார்டுகள். ஒரு கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். கீற்றுக் கீற்றாக வெட்டிச் செருகி, மிச்ச இடுக்கில் மரத்தூளும் பசையும். அக்கா, மச்சான், பக்கத்து வீட்டு சார் எல்லோருடைய கார்டும் என் கிட்டாரில் இருக்கிறது. அப்புறம் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவரிடம் ரெசின் வாங்கிப் பூசினேன். இரண்டு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. அவரைக் கேட்டால், "தம்பி, இது பாலியெஸ்டர், எண்ணெய்ப் பசையுள்ள மரத்துல இறுகாது, ஒனக்கு வேணுங்கிறது எபாக்ஸி" என்றார். ஜாக்கோ விஷயத்தில் நான் கோட்டைவிட்ட வார்த்தை அதுதான். சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி பூசினேன். இன்று தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. வாசித்தால் வீணை இழுப்பு மாதிரி ஒரு முனகல் வருகிறது. கொஞ்சம் கனம், கழுத்துப் பக்கம் தாழ்கிறது, வாடைக்காற்று ஆரம்பித்தால் கம்பி எழும்பிவிடும், கழுத்துக்குள் இருக்கிற இரும்புக் கோலைக் கால் சுற்று முடுக்க வேண்டும். இருக்கட்டும்.

ரீங்காரம் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் 49. அதாவது கரன்ட் எப்போதும் நம்மோடு சேர்ந்து வாசிக்கிறது, கொஞ்சம் சுருதி ஏற்றி. உள்குழியில் தாமிரத்தாள் ஒட்டினால் குறையும். ஆனால் மணல் மண்ணில் எர்த் சரியில்லையென்றால் எந்தத் தாளும் உதவாது. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டும் நம் மாவட்டச் சரக்கு. இதை அலட்சியப்படுத்த வேண்டாம். ஜெனரேட்டர் மேடையில் கையில் கிட்டாரோடு மைக்கில் உதடு வைத்து ஒரு பாடகர் சுருண்டு விழுந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன். பிழைத்துக்கொண்டார்.

கம்பி விஷயத்தில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. வாசித்து முடித்ததும் துடைக்க வேண்டும். அழுக்கேறிய கம்பியை வெந்நீரில் கொதிக்கவிட்டால் பாதி உயிர் வரும், துரு ஏறியதற்கு வராது. நல்ல செட் இரண்டாயிரத்துக்கு மேல் விற்கிறது, நம் காற்றில் ஒரு மாதத்தில் மங்கிவிடும். நான் தட்டைச் சுற்றுக் கம்பிக்கு மாறிவிட்டேன். அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பெனிப் பாட்டுகள் பலவற்றுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அதைத்தான் போட்டார், அறுந்தாலொழிய மாற்றமாட்டாராம். நம் ஊருக்கு ஏற்ற மனிதர்.

என் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. "நீ கழற்றி மாட்டுறதோட சரி, வாசிக்கிறது எங்க?" மனைவி கேட்பாள், பழைய குழு நண்பர்களும் கேட்பார்கள். நியாயம்தான். கருவேலத்தோடு மல்லுக்கட்டிய காலத்தில் என் விரல் முனைக் காய்ப்பெல்லாம் உதிர்ந்து, சாதாரணத் தாளத்தில்கூடத் தடுமாறினேன். ராஜா சாரின் இசைக்குழுவில் வாசித்த சசிதரனையோ, ரஹ்மானோடு வாசித்த கீத் பீட்டர்ஸையோ ஹெட்போனில் கேட்டால், என் எபாக்ஸியும் ஏடிஎம் கார்டும் எங்கே நிற்கிறது என்று புரியும். அதனால் இப்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் வாசிக்காமல் ஸ்குரூ டிரைவரைத் தொடுவதில்லை. பாதி நாள் அதை மீறுகிறேன்.

தம்பி போன ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டான். தோளில் உறையில்லாமல் ஒரு பழைய பேஸ், 6,500 ரூபாயாம். மிச்சக் காசை அம்மாவிடம் கொடுத்துவிட்டானாம். நான் சொல்வதற்கு முன்பே வீட்டு வாசலில் உட்கார்ந்து பிரிட்ஜைக் கழற்றியிருக்கிறான். கழற்றியதில் ஒரு ஸ்பிரிங் தெறித்து மணலுக்குள் போய்விட்டது. ஒரு மணி நேரம் சல்லடை போட்டுச் சலித்தும் கிடைக்கவில்லையாம்.

சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்துத் திருகி, உள்ளிருந்த ஸ்பிரிங்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "அண்ணே, இது சேருமா?"

"ரெண்டு சுத்து வெட்டிட்டுப் போடு" என்றேன்.