புதுச்சேரியில் கட்டிவிட்டுப் புதுச்சேரியையே காணோம்!

மஞ்சள் பெயின்ட் அடித்து, ஜன்னலைச் சுற்றி வெள்ளைப் பட்டை இழுத்து, வாசலில் நாலு காகிதப்பூச் செடி வைத்துவிட்டால் அது புதுச்சேரி ஆகிவிடும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? கடலோரமாகப் புதிதாக ஒரு தீம் பார்க் ரிசார்ட் திறந்திருக்கிறார்கள். தண்ணீர் விளையாட்டுப் பூங்கா, அதை ஒட்டியே அடுக்குமாடி ஓட்டல். பெயர் சொல்லப்போவதில்லை, இந்த வியாதி ஒரு ஓட்டலோடு நிற்கவும் இல்லை. திருச்சியிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று அங்கே போய்த் தங்கினோம். வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. காசு போனதற்காக இல்லை. இவ்வளவு நல்ல மண்ணில், இவ்வளவு பணத்தைக் கொட்டி, இவ்வளவு சொரணை இல்லாமல் ஒரு கட்டடத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்களே என்பதை இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனால் தாங்க முடியவில்லை.

முதலில் திசையைப் பாருங்கள். நம்ம ஊரில் கடல் கிழக்கே. அந்த ஓட்டலின் முகப்போ மேற்கே, ரோட்டைப் பார்த்து. அடிமுதல் நுனிவரை கண்ணாடி, நடுநடுவே ஏசிபி ஷீட், அதாவது பிளாஸ்டிக்கின் இருபுறமும் அலுமினியம் ஒட்டிய தகடு. ரோட்டில் போகிறவன் கண்ணில் படவேண்டும், அவ்வளவுதான் யோசனை. மத்தியானத்துக்கு மேல் சாய்கிற வெயில் அந்தக் கண்ணாடி வழியாக நேரே கட்டிலில் வந்து விழுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. ஏசியைப் பதினெட்டில் வைத்து, திரையை இழுத்து மூடி, பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜன்னலைத் திறக்கலாம் என்றால் திறக்க வழியே இல்லை, கண்ணாடியை அப்படியே ஒட்டிவிட்டிருக்கிறார்கள். கடல் இருக்கிற கிழக்குப் பக்கத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஜெனரேட்டர். சமையற்கட்டுப் புகைபோக்கி. வேலையாட்கள் ஏறி இறங்குகிற இரும்புப் படி. மனுஷனுக்கு வரவேண்டிய கடற்காத்து அத்தனையும் ஜெனரேட்டருக்குப் போகிறது.

அடுத்தது ஈரத்துணி. இதைப் பேசாமல் விடமாட்டேன். தண்ணீர்ப் பூங்காவுக்காகவே கட்டிய ஓட்டல் இது. தங்க வருகிற ஒவ்வொருவரும் சொட்டச் சொட்ட நனைந்துதான் ரூமுக்குத் திரும்புவார்கள். அது தெரியாமலா பிளான் போட்டார்கள்? வாசலில் கால் மண்ணைக் கழுவ ஒரு குழாய் இல்லை. துணி உலர்த்த ஒரு கொடி இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. பால்கனி என்று ஒன்று இருக்கிறது, அதில் ஏசியின் அவுட்டோர் யூனிட் உட்கார்ந்திருக்கிறது, ஆள் நிற்க இடமில்லை. பிள்ளைகளின் நீச்சல் உடையையும் துண்டுகளையும் அக்கா கட்டில் தலைமாட்டிலும் நாற்காலி முதுகிலும் டிவி ஸ்டாண்டிலும் போட்டு வைத்தாள். காலையில் எடுத்தால் அப்படியே ஈரம், அறை முழுக்க முடை நாற்றம். வராந்தா நெடுக முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்ட விட்ரிஃபைடு டைல்ஸ். ஈரக்காலோடு ஓடி வந்த சின்னவள் லிஃப்ட் வாசலில் வழுக்கி விழுந்தாள், முழங்கை வீங்கிப்போனது. ஓடிவந்து தூக்கிவிட்ட ஹவுஸ்கீப்பிங் அம்மா சொன்னார்: “தினம் யாராவது விழறாங்க தம்பி. சொன்னா யாரு கேக்கறாங்க?” துடைப்பம் பிடிக்கிற அந்த அம்மாவுக்குத் தெரிந்தது, லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கிய ஆர்க்கிடெக்டுக்கு எப்படித் தெரியாமல் போகும்? கடப்பாக் கல்லைச் சொரசொரப்பாகவே விட்டுப் பதித்திருந்தால் முடிந்தது கதை. நம்ம ஊர்க் கொத்தனார் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

மேனேஜரிடம் போய் நின்றேன். “சார், ஃபுல்லா பிரெஞ்சு தீம் சார், இதுக்காகவே எவ்வளவோ செலவு பண்ணியிருக்கோம்” என்றார். அவர் காட்டிய தீம் இதுதான்: ஒவ்வொரு மாடியிலும் நீல நிறத்தில் ஒரு தெருப் பெயர்ப்பலகை, ‘ரூ துமா’, ‘ரூ சுஃப்ரேன்’ என்று. வரவேற்பறையில் ஃபைபரில் செய்த ஈஃபிள் கோபுரம். சுவர் நெடுக, சாய்பலகை வைத்த பச்சைக் கதவுகள். நான் ஒரு கதவை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. பிளைவுட்டில் செய்து, சுவரோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். பின்னால் வெறும் சுவர்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது அங்கேதான். அந்தச் சாய்பலகைக் கதவு அலங்காரமா? வெயிலை வெளியே நிறுத்தி, காத்தை மட்டும் உள்ளே விடுவதற்காக வைத்த கதவு அது. நீங்கள் புகழ்கிற அந்த வெள்ளைக்காரத் தெருக்களும் படம் எடுப்பதற்காக உண்டானவை இல்லை. 1690களில் ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட தெருத் திட்டம், 1761ல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு மறுபடி எழும்பிய வீடுகள். உயர்ந்த மதில், உள்ளே மரம் வைத்த தோட்டம், தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் கூரை. இந்தச் சூட்டில் எப்படி உயிர் வாழ்வது என்று தவித்தவர்கள் கண்டுபிடித்த வழிகள் அவை. அந்த வழியை எடுக்கவில்லை, வண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே ஒரு ஊர் இருக்கிறதே, அது இவர்கள் கண்ணில் படவே இல்லை. ஒரு மாடியில்கூடத் தமிழ் வீதியின் பெயர் இல்லை. பழைய கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்பு சீரமைத்துக் கொடுத்த வைசியாள் வீதியில் ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். தெருவோரமாக மரக்கால் நட்டு, நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம். அது வீட்டுக்காரனுக்கு மட்டும் இல்லை, வெயிலில் நடந்து போகிற யாரும் ஒதுங்கலாம். அடுத்தது திண்ணை. உள்ளே முற்றம், அதில் சூடு மேலே போய்க் காத்து கீழே சுற்றும். முற்றத்தில் நிற்கிறவர்கள் துணி காயப்போட இடம் தேடமாட்டார்கள்! பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டைப் பாருங்கள். கீழே செதுக்கிய மரத்தூண் வைத்த தமிழ்க் கட்டு, மேலே காரைத்தூண் வைத்த பிரெஞ்சுக் கட்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து காட்டிவிட்டார்கள். அதற்கு ஃபைபர் கோபுரம் தேவைப்படவில்லை.

பழங்காலக் கதை பேசுகிறான், இப்போதெல்லாம் கான்கிரீட்தான் என்று சொல்வீர்கள். சரி, கான்கிரீட்டுக்கே வருகிறேன். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இதே புதுச்சேரியில்தானே இருக்கிறது? 1930களின் கடைசியில் தொடங்கி, உலகப்போர் நடக்கும்போதும் விடாமல் கட்டினார்கள். வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் வேலை பார்த்த அன்டோனின் ரேமண்ட். அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் நாகஷிமா இங்கேயே தங்கி வேலையை நடத்தினார். முழுக் கான்கிரீட் கட்டடம். ஆனால் நீளமான முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன, அதனால் காலை வெயிலும் மாலை வெயிலும் அறைக்குள் பாய்வதில்லை. ஜன்னலில் கண்ணாடியே கிடையாது. அடிமுதல் மேல்வரை படுக்கைவாட்டில் பலகைகள், கையால் திருப்பினால் எவ்வளவு காத்து வேண்டுமோ அவ்வளவு. அறைக்குத் தேக்கில் செய்த இழுப்புக் கதவு, மூடினாலும் அதன் இடைவெளி வழியாகக் காத்து குறுக்கே ஓடும். தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவே சூடு தங்காமல் போக இடம். தரையில் கடப்பாக் கல். மொத்தமும் மின்விசிறியையோ ஏசியையோ நம்பாமல் ஆட்கள் தங்குவதற்கென்றே யோசித்துச் செய்தது. கற்பனை என்றால் எனக்கு அதுதான் கற்பனை. ஒரு பொம்மை கிடையாது, ஒரு ஓவியம் கிடையாது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ கட்டடக்கலைஞர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். நம்ம ஊரில் ஓட்டல் கட்டுகிறவனுக்கு அரை மணி நேரம் ஆட்டோவில் போய்ப் பார்க்க நேரமில்லை.

தீம் பார்க் ஓட்டல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்றும் சொல்லாதீர்கள். புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு திறந்த 1971லேயே கன்டெம்பரரி என்ற ஓட்டலின் வயிற்றுக்குள்ளேயே மோனோரயிலை ஓடவிட்டார்கள். கட்டடத்துக்குள் ரயில் நுழைந்து வெளியேறும், அதைப் பார்த்த பிள்ளை ஆயுசுக்கும் மறக்குமா? 2001ல் திறந்த அனிமல் கிங்டம் லாட்ஜில் பால்கனிக் கதவைத் திறந்தால் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்கின்றன. பீட்டர் டொமினிக் என்ற கட்டடக்கலைஞர் முழுக் கட்டடத்தையே புல்வெளியைச் சுற்றி வளைத்து வைத்தார். அங்கே பால்கனிதான் தீம். இங்கே பால்கனியில் அவுட்டோர் யூனிட். அவர்களுக்கும் இப்போது சோம்பல் பிடித்துவிட்டது, அது வேறு. 1971லிருந்து இருக்கிற பாலினேசியன் ஓட்டலை ஒட்டி 2024 டிசம்பரில் ஐலண்ட் டவர் என்று ஒன்றைத் திறந்தார்கள். எந்த நகரத்திலும் இருக்கிற ஓட்டல் மாதிரி இருக்கிறதே என்று வருஷா வருஷம் போகிறவர்களே சலித்துக்கொண்டார்கள். அவர்களாவது சதுப்புக் காட்டை அழித்து, ஒன்றுமில்லாத இடத்தில் கதையை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது.

நமக்கு என்ன குறை? பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடக் கொள்ளைக்காரக் கப்பல் வைத்திருக்கிறார்கள், மண்டையோட்டுக் கொடியோடு. பக்கத்திலேயே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மத்தியதரைக் கடல் நாட்டுச் சரக்கு வந்து இறங்கிய இடம். 1945ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அங்கிருந்து வந்த மது ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. கண்ணாடி மணியும் கல்மணியும் செய்து கடல் தாண்டி அனுப்பிய பட்டறைகள் அங்கே இருந்தன. ஒரு கப்பல், ஒரு ஆறு, மணி கோக்கிற ஜனங்கள், தூர தேசத்து ஜாடிகள். இதைவிடப் பெரிய கதை எந்தப் பிள்ளைக்கு வேண்டும்? அக்காவின் பெரியவன் அந்தக் கப்பலில் நின்றுகொண்டு, “மாமா, நிஜமாவே இங்க கப்பல் வந்துச்சா?” என்று கேட்டான். வந்ததுடா என்று சொன்னேன். அதைச் சொல்ல அந்த வளாகம் முழுக்க ஒரு செங்கல்கூட இல்லை. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அந்தக் குயவர்களிடம் ஒரு பானை வாங்கியிருக்கலாம். அதுவும் இல்லை. பெட்டி பிரித்து வைத்த ஃபைபர்.

இந்த மண்ணுக்கு ஏற்றபடி கட்டினால் செலவு அதிகமாகும் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஆரோவில்லில் காலுக்குக் கீழே கிடக்கிற செம்மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அழுத்திக் கல் அறுக்கிறார்கள், சூளையில் சுடுவதே இல்லை. அந்தக் கல்லில் கட்டிய பார்வையாளர் மையத்துக்கு 1992ல் எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருது கிடைத்தது. அந்தக் கண்ணாடிக்கும் ஏசிபிக்கும் மாதா மாதம் கரன்ட் பில்லுக்கும் ஆகிற செலவை யார் கணக்குப் பார்த்தார்கள்? திறந்து ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, மாடிப்படிக் கைப்பிடியின் இணைப்புகளில் பழுப்பாக வடிகிறது. உப்புக்காத்து அடிக்கிற இடத்தில், உப்பைத் தாங்காத 304 கிரேடு ஸ்டீல் போட்டால் வேறென்ன ஆகும்? 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கரையேறியது நம்ம ஊருக்கும் கடலூருக்கும் நடுவேதான். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அடுத்த புயலுக்கு அந்த ஷீட்டுகள் யார் தலையில் போய் விழும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

வடக்குப் பக்கம் இரண்டாவது பிளாக்குக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். போர்டில் போட்டிருக்கிற படத்தில் அதே கண்ணாடி, அதே மேற்கு. இன்னும் கம்பி கட்டவில்லை, பிளானை மாற்ற இப்போதும் நேரம் இருக்கிறது. ஜெனரேட்டரைத் தூக்கி ரோட்டுப் பக்கம் வையுங்கள், அறைகளைக் கடலைப் பார்த்துத் திருப்புங்கள். ஜன்னல் திறக்கட்டும். மேற்குப் பக்கம் முழுநீளத்துக்குத் தாழ்வாரம் இழுத்துவிடுங்கள். வாசலில் குழாய், பால்கனியில் கொடி, தரையில் சொரசொரப்பான கல். மஞ்சள் பெயின்ட் அடித்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி.