வலைப்பக்க இன்புட் பெட்டிக்கு டைப் நம்பர் போட்டாலும் வருவது ஸ்ட்ரிங்தான் (எழுத்துத் தொடர்)
"இன்புட்டில் டைப் நம்பர் என்று கொடுத்தால் மதிப்பு எண்ணாகவே வரும், மாற்ற வேண்டியதில்லை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. தட்டியது சரியான எண்ணா என்று பார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஜாவாஸ்கிரிப்டில் படித்தால் அதன் வேல்யூ (மதிப்பு) எப்போதும் ஸ்ட்ரிங்தான். விலை 250, டெலிவரி 40 என்று கூட்டிப் பாருங்கள், 25040 வரும்.

கழித்தலும் பெருக்கலும் ஒழுங்காக வருவதால்தான் பலர் ஏமாறுகிறோம். அந்தக் குறிகள் ஸ்ட்ரிங்கைத் தாமே எண்ணாக மாற்றிக்கொள்ளும். கூட்டல் குறி மட்டும் இரண்டையும் ஒட்டவைத்துவிடும்.

வேல்யூவை நம்பர் ஃபங்ஷனுக்குள், அதாவது Number() உள்ளே, போட்டு எண்ணாக மாற்றுங்கள். ஆனால் காலிப் பெட்டிக்கு அது 0 தரும், முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். அப்புறம், விலைக்கு பார்ஸ்இன்ட் (parseInt, முழு எண்ணை மட்டும் எடுக்கும் ஃபங்ஷன்) வேண்டாம், 99.50 என்றால் 99 மட்டும் எடுத்துக்கொண்டு ஐம்பது பைசாவை விழுங்கிவிடும்.